பாலமுனைக் கடற்கரையில் ஒரு சூம் கூட்டம்

விரிவுரையாளர் வேலை நல்ல சுகம், கிழமைக்கு நாலு பாடம், மிச்ச நேரமெல்லாம் வீட்டில் என்று கல்முனையில் ஆரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓம், வீட்டில்தான் இருக்கிறேன். மடிக்கணினிக்குப் பின்னால்.

மகளுக்கு ஏழு வயது. கடலென்றால் பயம். வாப்பா கையைப் பிடித்தால்தான் இறங்குவாளாம், வேறு ஆர் கையும் வேண்டாமாம். மூன்று மாதமாக ‘வாற சனிக்கிழமை’ என்றே சொல்லி ஏய்த்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், மனிசி, கைக்குழந்தை எல்லோருமாகப் பாலமுனைக்குப் புறப்பட்டோம்.

பாதி வழியில் எங்கள் பல்கலைக்கழகப் பீடாதிபதியின் செய்தி வந்தது. நாலரைக்கு அவசர சூம் கூட்டம். விஷயம், ஊழியர்களின் வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான சமநிலை. இதைக் கதைக்கச் சனிக்கிழமைதானா கிடைத்தது என்று கேட்க வாய் துடித்தது. கேட்டேனா? ‘நோட்டட் சேர்’ என்று அனுப்பினேன். எனக்கெல்லாம் எங்கே முதுகெலும்பு.

மகளிடம் பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு, கமெராவையும் மைக்கையும் மூடி மணலில் குந்தினேன். குடும்பத்தோடு கழிக்கும் நேரத்தின் மகிமையைப் பீடாதிபதி விளக்கிக்கொண்டிருந்தார். அந்நேரம் பாட்டைப் போட்டுக்கொண்டு பாணும் பணிசும் விற்கும் ஓட்டோ ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. போனுக்குள்ளிருந்தும் அதே பாட்டுக் கேட்டது. திரும்பினேன். முப்பது யார் தள்ளி, தென்னைக்குக் கீழே, சாரனும் டீசேட்டுமாகப் பீடாதிபதி. பக்கத்தில் மனைவியும் பிள்ளைகளும்.

அவரும் என்னைக் கண்டுவிட்டார். மனிசன் வெட்கப்பட்டுக் கூட்டத்தை முடிப்பார் என்று நினைத்தேனே, என் மடத்தனத்தை என்ன சொல்ல. கைகாட்டிக் கூப்பிட்டு, நல்லதாகப் போயிற்று, நேரிலேயே இருந்து முடிப்போம் என்றார். போய் அவருடைய பாயில் உட்கார்ந்தேன்.

மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். தீர்மான வரைவின் மூன்றாம் பந்தியில் ஒரு சொல்லை மாற்ற அரை மணித்தியாலம் போனது. பார்த்துக்கொண்டிருந்த பீடாதிபதியின் மனைவி எழும்பி, மகளின் கையைப் பிடித்தார்.

“இவங்களப் பாத்துக்கிட்டு நிண்டா கடலே வத்திப்போயிரும். வாங்க மகள்.”

அவள் போனாள். குடும்ப நேரத்தில் எவரும் கைவைக்கக் கூடாது என்ற தீர்மானத்தைப் பீடாதிபதி முன்மொழிந்தார். முதல் அலை அவள் முழங்காலில் அடித்தபோது நான் வழிமொழிந்துகொண்டிருந்தேன்.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் விட்டார். கால்சட்டையை மடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கையை நீட்டினேன். தலையெல்லாம் நனைந்து கரையேறி வந்தவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

“இனி வேணாம் வாப்பா,” என்றாள். “பயம் போயிட்டு.”