ராக்கெட்டுக்கு ஒரு மச்சான்

அறுபதுகளின் தொடக்கத்தில், ராமநாதபுரத்துக் கொட்டகை ஒன்றில் பகல் ஆட்டம் பார்க்கப் போன அன்று நடந்தது இது. அப்போது நான் கீழக்கரையில் சங்கு குளித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் கடலில் இறங்க மாட்டோம். ஜும்மா தொழுதுவிட்டு பஸ் ஏறினேன்.

சினிமா ஆசையில் போகவில்லை, வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைத் தோணியிலிருந்து பிடிப்பது அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் என்பது எங்கள் வழக்கம். கூடப்பிறந்தவளின் வாழ்க்கை அந்தக் கயிற்றில் இருக்கிறதே, கை தளராது! அப்படி நாலு வருஷம் என்னை மேலே இழுத்தவர் என் மனைவியின் அண்ணன். அவரை வைத்துக்கொண்டே, வாய்க்கொழுப்பில், டீக்கடையில் நாலு பேர் நடுவே, "கயிறு பிடிக்க யாரு இருந்தா என்ன? குளிக்கிறவனுக்குல்ல நெஞ்சு வேணும்" என்று சொல்லித் தொலைத்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் வீம்புக்கு, இரண்டு நாள் கடலில் இறங்காமல் இருந்து, சனிக்கிழமைக்கு வேறு ஆளைப் பேசிவிட்டேன். மூன்று நாளாக மனைவி என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வந்தது.

படம் இங்கிலீஷ். ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாமலே நன்றாகப் பயந்தேன். ஆகாயத்தில் போகிற ராக்கெட்டுக்குள் ஏதோ ஒரு பிராணி புகுந்து, ஆட்களை ஒவ்வொருவராகத் தின்கிறது. எதையோ பழுது பார்க்க ஒருவன் இடுப்பில் கயிறு கட்டி வெளியே இறங்குகிறான். மறுமுனை உள்ளே கூட்டாளி கையில். கூட்டாளிக்குப் பின்னால் பிராணி வருகிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான்.

நாளைக்கு நான் இறங்க வேண்டுமே! என்னை அறியாமல் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது முன் பெஞ்சிலிருந்து ஒருவர் துள்ளி எழுந்தார். "ஏலே, கயித்த விட்டுறாதலே! வெளிய ஆளு கெடக்கான்லே!"

கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது மச்சானின் குரல். அவருக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை போலும். திரையில் கூட்டாளி கயிற்றை விட்டுவிட்டு ஓடினான். மச்சான் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

படம் விட்டதும் வாசலில் அவர் முன்னால் போய் நின்றேன். அவரே ஆரம்பித்தார்.

"பாத்தியா மாப்ளே, ஆகாசம் வரைக்கும் போறானுக. மச்சான் ஒருத்தன ஏத்திட்டுப் போகணும்னு புத்தி இல்லயே!"

சிரித்தேன். கண்ணும் கலங்கிவிட்டது. "நான் பேசுனது தப்பு மச்சான். நாளைக்கு வாரீகளா?"

"பின்ன யாரு வருவா? நீ பேசி வச்ச ஆளு எதைப் பிடிப்பான்? கயிறு முந்தாநாள்லருந்து என் வீட்டுலல்ல கெடக்கு. நுனி நைஞ்சு போயிருந்துச்சு, மாத்திட்டேன்."

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். கடலில் இறங்குகிறவனுக்கு அதைச் சொல்லித்தரவும் ஒரு ராக்கெட் வேண்டியிருந்தது.

மச்சான் கண்ணை மூடி, மவுத்தாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பேரன் டிவியில் இந்த மாதிரிப் படம் போட்டால் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். பிராணி எப்போது வரும் என்று அவன் பார்த்திருக்க, கயிறு யார் கையில் இருக்கிறது என்றுதான் என் கண் இன்றும் தேடுகிறது.