சொட்டுநீலம் கலந்த ஒரு சொம்பு நீர்

ஃபர்கெட்-மீ-நாட் என்னும் நீலச் சிறுபூ குளிர்நாட்டுக்கு உரியது. தாம்பரத்தின் வெப்பத்தில் அதை மலர்விக்க நான்கு ஆண்டுகள் முயன்று, நான்கு முறையும் தோற்றேன். முதலாண்டு விதை முளைக்கவேயில்லை. அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. பின்னிரண்டு ஆண்டுகளும் மொட்டுக் கட்டுமுன்பே தை வெயில் இலைகளைக் கருக்கிற்று. ஐந்தாம் ஆண்டில் ஒன்று விளங்கியது. வேர் குளிர்ந்திருந்தால், செடி வெயிலைச் சற்றே பொறுத்துக்கொள்ளும். ஆகவே மொட்டைமாடியின் ஒரு மூலையில் நிழல்வலை கட்டி, நான்காக மடித்து நனைத்த கோணிப்பைகளை விரித்து, அவற்றின்மேல் பதினொரு தொட்டிகளை வைத்தேன். கோணி உலரலாகாது. காலை, நண்பகல், மாலை என மும்முறை வாளியில் நீர் சுமந்தேன்.

பெருங்களத்தூரில், பீர்க்கன்கரணை ஏரிக்கு அருகில் உள்ளது எங்கள் குடியிருப்பு. தரைத்தளத்தில் நானும் மனைவியும் வாழ்கிறோம். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள வீட்டில் பள்ளி ஆசிரியை ஒருவர் தம் மகளுடன் இருந்தார். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் கழிந்த வாரம், அவள் படிக்கும் மேசையின்மேல் உட்கூரையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. மழை ஓய்ந்து மூன்று வாரமாகியிருந்தது.

ஆசிரியை எங்கள் வாசலுக்கு வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. மாடில உங்க செடிக்கெல்லாம் எவ்ளோ தண்ணி விடுறீங்க?"

"காலைல ஒரு சொம்பு. அவ்வளவுதாம்மா."

அன்று விடியலில்தான் முதற் பூங்கொத்துச் சுருள் அவிழத் தொடங்கியிருந்தது. மொட்டுகளின் நுனியில் இளஞ்சிவப்பு தெரிந்தது. அது நீலமாக மாறச் சில நாள் வேண்டும். அந்தச் சில நாளுக்காகவே வாய் பொய்யுரைத்தது; எண்ணிச் சொன்னதன்று. ஆனால் சொன்னபின் திருத்தவும் இல்லை.

ஆசிரியை படியேறிச் சென்றதும் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்:

"உங்க தோளுக்கு தெனம் தைலம் தேச்சு விடுறவ நானு. ஒரு சொம்பு தூக்கினா தோள் வலிக்குமா?"

தைலப் புட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

பம்மலிலிருந்து மேஸ்திரி ஒருவரை மறுநாள் காலை ஆசிரியை அழைத்து வருவதாக அறிந்தேன். அன்று மாலையே கோணிப்பைகளை உருவி எடுத்து, தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் மறைத்தேன். இரவுக்குள் தரையோடுகள் உலர்ந்துவிட்டன. காலையில் செடிகளின் இலைகள் சற்றே தளர்ந்திருந்தன.

மேஸ்திரி செடிகளைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, தேள்கொடுக்கு! ரயில் ரோட்டு ஓரம் காடா கெடக்குது, மாடு கூட சீந்தாது. இத்தப் போயி வலை கட்டி வளத்துகினு கீறே."

"அதுக்கு உறவுச் செடிதான். ஆனா இது வேற," என்றேன்.

"சொந்தக்காரன்னாலே பேஜாருதான் சார்."

ஆசிரியை சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

மேஸ்திரி தம் பையிலிருந்து சலவைக்குப் பயன்படும் சொட்டுநீலப் புட்டியை எடுத்தார். "ரெண்டு சந்தேகம் கீது சார். ஒண்ணு உன் தொட்டி. இல்லாங்காட்டி சுவத்துக்குள்ள எறங்குற டேங்க் பைப்பு. பைப்புன்னா சுவத்தை ஒடைக்கணும். மொதல்ல இத்தப் பாப்போம். நீ டெய்லி ஊத்துற அளவு தண்ணில இத்தக் கலந்து, தொட்டிங்க நடுவுல தரைல ஊத்து. கீழ நீலமா எறங்கிச்சுன்னா உன் தண்ணி."

அரைப்புட்டி நீலத்தை அவரே சொம்பில் கவிழ்த்தார். நாளும் ஊற்றும் அளவை ஊற்றச் சொன்னார். நானோ ஆசிரியையிடம் சொன்ன அளவை ஊற்றினேன். ஒரு சொம்பு. ஓடுகளின் இணைப்புகளில் நீலம் மெல்லப் பரவி, உள்ளே இறங்காமலே வெயிலில் காய்ந்தது.

மறுநாள் மாலைவரை கீழே நீலம் தென்படவில்லை. சொட்டும் குறைந்திருந்தது. மகள் சிறிது நேரம் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை மூடி வைத்திருந்ததால் குறைந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். மீண்டும் ஆசிரியை வாசலுக்கு வந்தார்.

"சாரி சார். உங்களைப் போயி சந்தேகப்பட்டுட்டேன். நாளைக்கு சுவத்தை ஒடைக்கப் போறோம். சத்தமா இருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அவர் மன்னிப்புக் கேட்டதைவிட, நான் அதை ஏற்றுத் தலையசைத்ததே எனக்கு உறுத்தியது. ஆயினும், அவர் கதவைச் சாத்திய ஓசை கேட்டவுடன் மாடிக்கு ஓடினேன். இரண்டு நாள் நீரின்றி மொட்டுக்கொத்துகள் தலை கவிழ்ந்திருந்தன. கோணிகளை மீண்டும் விரித்தேன். ஒரு வாளி, பின் இன்னொன்று, பின் மூன்றாவது. விட்டுப்போன வேளைகளுக்கும் சேர்த்து ஊற்றினேன்.

காலையில் மாடிக்குச் சென்றபோது செடிகள் நிமிர்ந்திருந்தன. ஒரு கொத்தில் மூன்று பூக்கள் விரிந்திருந்தன. ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாகக் காண்கிறேன். ஆயினும் நின்று பார்க்க இயலவில்லை. கீழே உளியின் அடி தொடங்கிவிட்டது.

ஆசிரியையின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மேசையும் நூல்களும் கூடத்திற்கு நகர்த்தப்பட்டிருந்தன. மகள் இரு காதுகளையும் பொத்தியபடி தரையில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் மேஸ்திரி சுவரை நோக்கி நின்றார். ஆசிரியை, இடிபாடு விழும் சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருந்தார். சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் குழாய் வெளிப்பட்டிருந்தது.

"இங்க காஞ்சி கீதும்மா. இன்னும் மேல ஒடைச்சிகினே போவணும்."

நான் தலைநிமிர்ந்தேன். உட்கூரையின் பழைய ஈரத்தடத்தின் நடுவே, உள்ளங்கையளவு நீலம் ஊறியிருந்தது. ஓட்டிணைப்புகளில் காய்ந்து கிடந்ததை இரவு நான் ஊற்றிய மூன்று வாளி நீர் கீழே இறக்கியிருந்தது. அவ்விருவரும் சுவரையே பார்த்திருந்தனர். அறையில் அதைக் கண்டவன் நான் ஒருவனே. மேஸ்திரி உளியை ஒரு சாண் மேலே வைத்து அடித்தார். மீண்டும் அடித்தார். வெளியேறிச் சென்று மாடியை உலர்த்திவிட்டு, நீலம் சோதனைக்கு ஊற்றிய அந்த ஒரு சொம்பினுடையது மட்டுமே என்று வாதிடலாம் என்றுகூட மனம் ஒரு கணம் கணக்கிட்டது. மூன்றாம் அடியில் பெரிய காரைத்துண்டு ஒன்று ஆசிரியையின் மணிக்கட்டில் விழுந்தது.

"நிறுத்துங்க மேஸ்திரி," என்றேன். "பைப்பு இல்ல. மேல பாருங்க."

இருவரும் பார்த்தார்கள். உளி தாழ்ந்தது.

"ஒரு சொம்பு இல்லம்மா. தெனம் மூணு வாளி. அடில ஈரக்கோணி வேற. டெஸ்டுக்கு முன்னாடி எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

மேஸ்திரி உச்சுக்கொட்டினார். "படிச்ச மனுசன்... இன்னா சார் நீ."

ஆசிரியை சாக்கைக் கீழே போட்டார். மணிக்கட்டைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு விறுவிறுவென மாடியேறினார். பின்னாலேயே சென்றேன். அவர் கோணியின் ஒரு முனையைக் காலால் புரட்டினார். நீர் வழிந்து ஓடியது. பிறகு செடிகளின் முன் குந்தினார். மூக்குத்தி அளவே ஆன மூன்று நீலப் பூக்களை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுக்கா சார்?"

"ஆமாம்மா. இதுக்குத்தான்."

எழுந்து, தாமே ஒரு தொட்டியைத் தூக்கி என் கைகளில் வைத்தார். "எறக்குங்க. மீதி பத்தும் மதியத்துக்குள்ள எறங்கணும். சுவத்தை நீங்கதான் பூசித் தரணும்."

பதினொரு முறை படியிறங்கினேன். வாகன நிறுத்தத்தின் ஓரத்தில், வெயிலும் காற்றும் புகாத இடத்தில், செடிகள் ஒன்பது நாள் உயிரோடு இருந்தன.