மாட்டுங்கா விலாசம்

அறுபதுகளின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வேலை தேடி வந்த தமிழனுக்கு சர்டிபிகேட் இருந்ததோ இல்லையோ, ஒரு நல்ல விலாசம் வேண்டியிருந்தது. ஆள் எங்காவது ஒண்டிக்கொண்டு, நாலு பேரோடு ஒரே அறையில் படுத்துக் கிடப்பான். அவனுடைய அப்ளிகேஷனில் மட்டும் மாட்டுங்காவில் இருக்கும் ஒரு சொந்தக்காரரின் பெயரும் கதவு நம்பரும் ‘கேர் ஆஃப்’ என்று கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். எங்கள் அப்பா இதை ஒரு தர்ம காரியமாகவே நடத்தினார். எங்கள் மாட்டுங்கா வீட்டு வாசல் கதவில் ஒரு அட்டையை ஒட்டி, எங்கள் விலாசத்துக்குக் கடிதம் வரக்கூடியவர்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருந்தார். தபால்காரர் அட்டையைப் பார்ப்பார், கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளுவார், போய்விடுவார். அட்டையில் இருந்த எல்லாருமே எங்கள் ஜாதிக்காரர்கள். அதை நான் அன்றைக்குக் கவனித்ததுகூட இல்லை.

நான் அப்போது ஃபோர்ட்டில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். வேகம் போதவில்லை என்று மேலதிகாரி முணுமுணுத்ததால், காலை ஆறு மணிக்கு மாட்டுங்காவிலேயே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினில் தாராவியிலிருந்து நடந்து வரும் ஒரு பெண் உட்காருவாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. அவள் விரல்கள் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

“யக்கா, மெதுவா. மெஷினு உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சி?” என்று கேலி செய்வாள்.

அவளுக்கு வேலை கிடைத்தே ஆகவேண்டும். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, வாரத்தில் பாதி நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அடுத்து அவளைத் தையல் பட்டறைக்கு அனுப்புவதாக வீட்டில் பேச்சு. தாராவி விலாசம் போட்டு அவள் அனுப்பிய அப்ளிகேஷன் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் ஒருநாள் போட்டு உடைத்தார். “தாராவின்னு பார்த்தா ஓரமா வச்சுடுவான். மாட்டுங்காவுல யாராவது தெரிஞ்சவா அட்ரஸ் இருந்தா போடு.”

அவள் தலை குனிந்துகொண்டு மெஷினின் ரிப்பனைச் சரிசெய்தாள். மாட்டுங்காவில் அவளுக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

“எங்காத்து அட்ரஸைப் போடேன்” என்றேன்.

“வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாவளா, யக்கா?”

“என்ன சொல்லப்போறா? அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

பெரிய ஜமீன்தாரிணி மாதிரி சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அன்று பூராவும் அந்த மரியாதையோடேயே சுற்றினேன்.

அட்டையில் அவள் பெயரை எழுத ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எழுதினால் யார் என்று அம்மா கேட்பாள். அப்பாவுக்கு என்ன வேலை என்பாள். தோல் என்ற சொல்லை எங்கள் சமையலறையில் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அம்மா கெட்டவள் இல்லை, ஆனால் ஜாதி பார்ப்பாள். நான் பார்க்காதவள் என்று என்னைப்பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரம் ஓட்டினேன்.

ஒரு சனிக்கிழமை. அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் தபால்காரர் குரல். “மாஜி, யே கோன் ஹை? போர்டுபே நாம் நஹி.” அட்டையில் இல்லாத பெயர், யார் இது என்று கேட்கிறார். பிறகு கவரிலிருந்த பெயரை, அவள் அப்பா பெயரோடு சேர்த்து, உரக்கப் படித்தார்.

அம்மா கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “இது யாருடி? நம்மாத்து நம்பர்னா போட்டிருக்கு? நோக்குத் தெரியுமோ?”

கவரின் மூலையில் நீல எழுத்தில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருந்தது. என் ஆபீஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த கம்பெனி. இன்டர்வியூவுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பிரிக்காமலே தெரிந்தது.

“தெரியாதேம்மா” என்றேன்.

பதற்றத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தவறி வரவில்லை. அம்மா முகத்தைப் பார்த்து, யோசித்து, அப்புறம்தான் சொன்னேன். தபால்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கவரின்மேல் ஏதோ கிறுக்கினார். மற்ற கடிதங்களோடு அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

ஓடிப்போய் வாங்கியிருக்கலாம். கொத்தமல்லி வாங்கி வருகிறேன் என்று ஒரு பொய் போதும். பால்கனியில் நின்று, அவர் அடுத்த கட்டடத்துக்குள் நுழைவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை போஸ்ட் ஆபீஸில் கேட்கலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ரயில் தப்பிவிடும்போல் இருந்தது. செவ்வாய்க்கிழமை போனேன். திருப்பி அனுப்பியாகிவிட்டது என்றார்கள். சாப்பாட்டு வேளையில் அந்தக் கம்பெனிக்கே நடந்துபோய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. போய் என்னவென்று சொல்வது?

அவள் தினமும் காலையில் கேட்டாள். “வந்துச்சாக்கா?”

“இன்னும் இல்லை.”

அப்புறம் ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அன்றைக்கே, அப்ளிகேஷனின் நகலை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “இதுல எங்கக்கா தப்பு இருக்கு? பாத்துச் சொல்லுங்க.”

தப்பு எதுவும் இல்லை. சுத்தமான அப்ளிகேஷன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பென்சிலை எடுத்து இரண்டு கமா போட்டேன், ஒரு வாக்கியத்தை மாற்றினேன், மார்ஜின் இன்னும் கொஞ்சம் விடலாம் என்றேன். அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சரிக்கா” என்றாள். அந்த வாரத்தோடு இன்ஸ்டிட்யூட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தையல் பட்டறைக்குப் போவதாக மாஸ்டர் சொன்னார்.

எனக்குக் கல்யாணமாகி செம்பூருக்குப் போனேன். ஐந்தாறு வருஷம் கழித்து, தாதர் மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, “யக்கா” என்று ஒரு குரல். அவளேதான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. விரல் நுனிகள் ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்தன. என் குழந்தைகளைப்பற்றி விசாரித்தாள், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டாள். அந்த அன்பை என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை, காய்கறிக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு கொட்டிவிட்டேன்.

“அந்த லெட்டர் வந்தது. எங்காத்துக்கு வந்தது. நான்தான் தெரியாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்.”

அவள் குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“தெரியும்க்கா. அந்த ஆபீஸுக்கு நானே கேக்கப் போனேன்லா. கவர எடுத்துக் காமிச்சாவ. அப்பிடி ஒரு ஆளே அங்கன இல்லன்னு எழுதியிருந்திச்சி. பொய் அட்ரஸ் குடுத்தவளுக்கு எப்பிடி வேல குடுக்கன்னு கேட்டாவ.”

“எப்போ போனே?”

“நீங்க கமா போட்டுக் குடுத்தியள்லா, அதுக்கு மொத நாளு.” குழந்தையின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன்க்கா.”