பிலோமினா மிஸ்ஸி கேட்டு வாங்கியவை

செய்தி லூர்தம்மாவிடமிருந்துதான் வந்தது. வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில், "மிஸ்ஸி போய்ட்டாங்க ஐயா. நீங்க கோயில்ல சொல்லிருங்க" என்றாள்.

பிலோமினா மிஸ்ஸி ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். நம் பங்கின் ஏழைகள் உதவிச் சபையில் அவர் உறுப்பினர், நான் செயலாளர். எங்களுக்குள் ஒத்துப்போனது குறைவு என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த ஏழை வீட்டுக்கு எதைக் கொண்டுபோனாலும், முதலில் அங்கே ஏதாவது கேட்பார். ஒரு இணுக்குக் கறிவேப்பிலை, பிழிய இரண்டு தேசிக்காய், அதுவும் இல்லையென்றால் வெறும் தேத்தண்ணீர். இல்லாதவர்களிடம் போய்க் கேட்பது அழகா என்று கூட்டத்திலேயே கடிந்திருக்கிறேன். "இல்லாதவங்கன்னு நாமதானே சொல்றோம்? யேசுவே கிணத்தடியில அந்தப் பொம்பளகிட்ட தண்ணி கேட்டுத்தான் பேச்சை ஆரம்பிச்சாரு" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு டிசம்பரில் நத்தார்ப் பூசை முடிந்ததும், வழக்கம்போல உலருணவுப் பொதிகளுக்கு உரியவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தேன். தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் லூர்தம்மாவின் புருஷன் மிளகு பறிக்க ஏறி விழுந்து படுக்கையில் கிடந்த நேரம் அது. அவள் பெயரை மூன்று முறை வாசித்தேன். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கக் கதவால் வெளியே போய்விட்டாள். அதன்பின் இருவரும் பூசைக்கே வரவில்லை. 'இவளுக்கு என்ன இவ்வளவு ராங்கி' என்றுதான் நினைத்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை.

மிஸ்ஸி என் வீடு தேடி வந்தார். பொதியை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

"பொதி வேணாம். வெறுங்கையோட போய் மதியச் சாப்பாடு கேளுங்க."

அப்பாவின் அரசாங்க வேலையோடு யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் எங்களில் ஒருவரும் கை நனைத்ததில்லை. மிஸ்ஸிக்கு அது தெரியும். எனக்கு வயிற்றுப்புண் என்று இழுத்தேன். "எனக்கும்தான் இருக்கு, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். லூர்தம்மா வாசலில் நின்றாள். பசிக்கிறது, ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் உட்காரச் சொன்னாள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தாள்.

"அன்னிக்கு எம் மக பக்கத்துல நின்னா ஐயா. அவ கூடப் படிக்கிற புள்ளைங்க எல்லாம் பாத்துச்சுங்க."

மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு ரொட்டியைத் தட்டில் போட்டாள். மகள் உள்ளேயிருந்து வரவேயில்லை. அடுத்த மாதம் லூர்தம்மா பூசைக்கு வந்தாள். மகள் இன்றுவரை வரவில்லை. பெயர் வாசிப்பது அந்த வருடத்தோடு நின்றது.

கடைசி மாதங்களில் மிஸ்ஸி எழுந்து நடமாட முடியாமல் போனார். சபையின் சார்பில் நான்தான் கிழமைக்கு ஒருமுறை பழமும் பால்மாவும் கொண்டுபோவேன். மேசையில் வைப்பேன், சுகம் விசாரிப்பேன், பஸ்ஸைப் பிடிக்கப் புறப்படுவேன். போன கிழமை வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டார்: "உங்களுக்கு எங்கிட்ட ஒண்ணும் வேணாமா ஐயா?"

"ஒன்றும் வேண்டாம் மிஸ்ஸி, நீங்கள் ஓய்வெடுங்கள்" என்றேன். நல்ல பதில் சொன்ன திருப்தியோடு பஸ் ஏறினேன்.

குழிக்குள் மண் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். ஒரு வாய்த் தேத்தண்ணீராவது கேட்டிருக்கலாம்.