தக்ஷாயினி பதிந்த கூட்டம்

தக்ஷாயினி என்ன வேலை செய்கிறாள் என்று அவளுடைய அப்பா அருமைநாயகத்திடம் கேட்டால், "கொம்பியூட்டரில ஏதோ பதியிறாள்" என்பார். கொழும்பிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக மட்டக்களப்பு மாவட்டத்தின் அரசியல் கைகலப்புகள், வெறுப்புப் பேச்சுகள், தீவிரவாதம் என்று சந்தேகிக்கப்படும் சம்பவங்கள் எல்லாவற்றையும் தேடித் தரவுத்தளத்தில் ஏற்றுவதுதான் அவள் வேலை. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பத்திரிகைக்காரர்களும் அந்தத் தரவை எடுத்துப் பாவிப்பார்கள்.

ஆள் கெட்டிக்காரி, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு படத்தில் தெரிகிற தண்ணீர்த் தாங்கியையும் வாவிக்கரை வளைவையும் வைத்து, செய்மதி வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவாள். அழித்துவிட்ட பதிவுகளை இணையக் காப்பகத்தில் தோண்டி எடுப்பாள். மட்டக்களப்பில் நடந்த தாக்குதல் என்று பரவிய ஒரு படம் உண்மையில் வேறு நாட்டில் எடுத்தது என்று நிரூபித்ததும் அவள்தான். அதற்குப் பிறகு தலைக்கனம் கொஞ்சம் கூடிப்போனது. சந்தையில் இன்று என்ன மீன் மலிவு என்று அம்மா சொன்னால்கூட, "மூலம் என்ன?" என்று கேட்கிற அளவுக்கு.

அந்த ஐப்பசியில் மழை பிந்தியது. வட்டை என்கிற வயல்வெளி முழுக்க விதைத்துவிட்டு எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு முகநூல் பக்கத்தில் சத்தம் நீக்கிய வீடியோ ஒன்று வந்தது. வாவிக்கரை வெளியில் வெள்ளை உடுப்பில் வரிசையாக ஆண்கள். தோளிலிருந்த சால்வைகளை எல்லாரும் ஒரே நேரத்தில் புரட்டிப் போடுகிறார்கள். பிறகு கைகளை உயர்த்துகிறார்கள், உள்ளங்கைகள் மண்ணைப் பார்த்தபடி. தூரத்து வரம்பில் முகம் தெரியாமல் தனியே ஓர் ஆள். "எல்லைக் காணியில் வெள்ளைப் படை. என்ன பயிற்சி?" என்று மேலே எழுதியிருந்தது.

ஒரு சம்பவத்தைப் பதிய, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூலங்கள் வேண்டும். அதுதான் நிறுவனத்தின் சட்டம். இன்னொரு பக்கத்திலும் அதே வீடியோ இருந்தது. இரண்டையும் நடத்துவது தன் சொந்த மாமியின் மகன் ரதீஸ்தான் என்பது தக்ஷாயினிக்குத் தெரியும். அவன் ஏறாவூர் முஸ்லிம் ஆட்களைப் பற்றிக் கை கூசாமல் எழுதுகிறவன் என்பதும் தெரியும். இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. இடத்தை அளந்தாள், நிழலை வைத்து நேரத்தைக் கண்டுபிடித்தாள், சைகைகளை விவரித்தாள். மூலம் என்ற கட்டத்தில் மட்டும் இரண்டு என்று போட்டாள். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் இன்னும் தேடியிருப்பாள். 'அவங்கள்தானே, செய்திருப்பாங்கள்' என்று மனம் சொன்னது, கையும் கேட்டது.

கொழும்புப் பத்திரிகை ஒன்று அந்தத் தரவை வரைபடமாகப் போட்டது. ஏறாவூருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

சில கிழமை கழித்து அப்பா வயலிலிருந்து வந்து, கை கழுவாமலே குசினி வாசலில் குந்தினார்.

"ஆதம்பாவாட மகன் நௌஷாட்ட பொலிஸ் விசாரணைக்குக் கூட்டிப் போயிட்டாங்களாம். போனையும் எடுத்திட்டாங்க. கட்டாருக்கு வேலைக்குப் போற நாளும் தப்பிற்று."

ஆதம்பாவாவின் வயலும் அவர்களுடைய வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிப்பவை. தக்ஷாயினி சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்.

"ஏனாம் அப்பா?"

"வெளியில நிண்டு மழை கேட்டுத் தொழுதாங்க. அவன் அத வீடியோ எடுத்துப் போட்டிருக்கான். ஆரோ அதப் படை எண்டு எழுத, பேப்பரிலயும் வந்திற்றாம். எழுதினவன்ட கை விளங்காமப் போக!"

சோறு பிசைந்த கை நின்றது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அப்பா சாபம் போட்டுவிட்டு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மழை தேடித் தொழும்போது சால்வையைப் புரட்டிப் போடுவதும் கையைக் கவிழ்த்துக் கேட்பதும் வழக்கம் என்று அறிந்துகொள்ள அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றே பதிவை நீக்கச் சொல்லி, இரண்டு மூலமும் ஒரே ஆள் என்று கொழும்புக்கு எழுதினாள். "உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம்" என்று பதில் வந்தது. அதை வாசிக்கையில் வெட்கத்தில் காது மடல் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அடுத்த நாள் பின்னேரம் ஏறாவூரில் ஆதம்பாவாவின் வீட்டுக்குப் போனாள். ஆதம்பாவா முன் அறையில் இருந்தார், அன்று காலை விடுவித்திருந்த நௌஷாட் கதவோடு சாய்ந்து நின்றான். ஆதம்பாவாவின் மனைவி ஸாலிஹா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்க புள்ள. அப்பா சுகமா?"

"மாமி, அந்த வீடியோவப் பதிஞ்சது நான்தான்."

நௌஷாட் கதவை விட்டு முன்னால் வந்தான்.

"என்னெண்டு பதிஞ்ச நீங்க? எழுதினத அப்பிடியே சொல்லுங்க."

அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். இரவெல்லாம் அதைத்தானே வாசித்துக்கொண்டிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தீவிரவாதப் பயிற்சி எனச் சந்தேகிக்கப்படும் ஒன்றுகூடல். ஒருங்கிணைந்த அடையாளச் சைகைகள். வரம்பில் தனியே நிற்பவர், காவலுக்கு நிறுத்தப்பட்டவராக இருக்கலாம்."

"காவலா?" என்றார் ஆதம்பாவா.

அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தன் போனை எடுத்தார். மகன் அவருக்கு அனுப்பிய முழு வீடியோ அதில் இருந்தது, சத்தத்தோடு. "யா அல்லாஹ், இந்த வட்டையில விதைச்ச எல்லாருக்கும் மழையத் தா" என்று கேட்டுக் கேட்டு ஒரு குரல் தழுதழுத்தது. கூட்டம் ஆமீன் சொன்னது. ரதீஸ் வெட்டி எறிந்திருந்த பகுதி அதன் பிறகு வந்தது. நௌஷாட் நடந்தபடி எடுத்திருந்தான். படம் வரம்புப் பக்கம் திரும்பி, அங்கே நின்றவரிடம் நெருங்கியது.

இடுப்பில் மண் ஒட்டிய சாரம், தோளில் துவாய், நெற்றியில் அழிந்துபோன திருநீறு. மற்றவர்களைப் பார்த்துத் தானும் கைகளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் உதட்டை மட்டும் அசைத்தபடி அருமைநாயகம் நின்றார்.

"வயல் அவருக்கும் காயுதுதானே மகள்" என்றார் ஆதம்பாவா.

ஸாலிஹா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட அப்பாவயுமா புள்ள எழுதினீங்க?"

"ஓம் மாமி" என்றாள் தக்ஷாயினி. "அவரையும்தான்."