திருப்பி அனுப்பும் ஆண்டவரே

அன்பான விசுவாசிகளே, எட்டு வருஷமாக ஜெபச் சீட்டில் நான் ஒரே வரியைத்தான் எழுதிப் போட்டேன்: "என் மகன் ஸ்டீபனை அமெரிக்காவிலிருந்து யாரும் திருப்பி அனுப்பக் கூடாது." நீங்களும் ஆமென் சொன்னீர்கள்.

நான் திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை புடைக்கும் கூலி வேலை செய்பவள். கப்பல் வேலைக்குப் போன என் மகன் அமெரிக்காவில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டான். ஓட்டலில் பாத்திரம் கழுவினான். விசா இல்லை என்று ஒருமுறை பிடித்தார்கள். வருஷா வருஷம் வந்து கையெழுத்துப் போடு என்று விட்டுவிட்டார்கள். பிறகு அங்கே ஆட்சி மாறியது, அவர்கள் மனமும் மாறியது. போன வருஷம் கையெழுத்துப் போடப் போனவனுக்கு விலங்கு மாட்டினார்கள். கழுவ ஆள் வேண்டியபோது நல்லவன், வேண்டாம் என்றதும் கள்ளன்!

நாற்பது நாள் தகவலே இல்லை. அவனுடைய பழைய சட்டையைச் சபைக்குக் கொண்டுவந்து அழுதேன். ஆமென் சொன்னவர்கள் நழுவிப் போனார்கள். ஒரு சகோதரி, "சட்டத்த மீறினா அனுப்பத்தானக்கா செய்வாங்க?" என்றாள்.

எனக்குப் பற்றி எரிந்தது. ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியம்? கட்டட வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் குடும்பங்கள் நம் ஆராதனைக்கு வந்தபோது, "இவங்கள வெளிய பாய் போட்டு ஒக்கார வையுங்க பாஸ்டரய்யா. உட்டா நம்ம எடத்தையே புடிச்சிக்குவாங்க" என்றவள் நான்தான். அந்தப் பாயிலிருந்து எழுந்து வந்த சுனிதாதான் என் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் ஜெபித்தாள். வெட்கத்தோடு சட்டையின் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே சிறையிலிருந்து ஸ்டீபனின் போன் வந்தது. "இங்க இருக்க முடியலம்மா. எப்படியாவது அனுப்பணும்னு ஜெபம் பண்ணிக்கினு இரும்மா."

அந்த வாரம் சீட்டில் எழுதினேன்: "ஆண்டவரே, அவனைத் திருப்பி அனுப்பும்."

பதினோராம் நாள் வந்து சேர்ந்தான். மணிக்கட்டில் தழும்பு. அந்தப் பழைய சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது.

"நமக்கு மட்டும் இல்லம்மா. அந்தக் காலத்துல அங்க ரயில் ரோடு போட வந்த சீனாக்காரங்களையே, வேல முடிஞ்சதும் இனி வராதன்னு சட்டம் போட்டாங்களாம். உள்ள ஒரு பெரியவர் சொன்னாரு" என்றான்.

ஸ்தோத்திரம் சொல்கிறேன். கசப்போடுதான் சொல்கிறேன். அவனை உயிரோடு கேட்டேன், உயிரோடு தந்தார். வெளியே கிடந்த பாயை நானே உள்ளே கொண்டுவந்து விரித்தேன். இப்போது சுனிதா பக்கத்தில்தான் உட்காருகிறேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள், நிச்சயம் தருவார். ஆனால் சீட்டில் எழுதுமுன், வாசலுக்கு வெளியே யாரை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.