கழுத்தளவு ஷவர்

“அண்ணே, அந்தக் குழாயக் கழட்டுனீங்கன்னா நான் திருவாலங்காட்டுக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன். ஆமா, சொல்லிட்டேன்!”

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வர ஆரம்பித்து, பிளம்பரான எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பாத்ரூமில் பைப் ரெஞ்சோடு நான். வாசலை மறித்தபடி சரோஜா டீச்சர். அவர் கணவர் தணிகாசலம் கம்பெனி ஃபோர்மேன், நெடுநெடுவென்று உயரம். பட்டணத்திலிருந்து ஷவர் வாங்கி வந்திருந்தார். இனி வீட்டில் பக்கெட், சொம்பு எதுவும் கூடாது, குழாயைக் கழற்று என்று ஒரே பிடிவாதம்.

“சின்ன வயசுல கெணத்தடியில காத்துக்கினு நின்னு குளிச்சவன்பா நானு. சொந்த ஊட்ல மழை மாதிரி தலையில கொட்டணும். இவ இன்னாடான்னா பேஜாரு பண்றா!”

“செவ்வா, வெள்ளிதான் நான் தலைக்குக் குளிக்கிறது. மத்த நாள் மேலுக்குத்தான். தெனம் ஈரத் தலையோட ஆரம்பாக்கத்துக்கு ரயில் ஏறுனா தொண்டை கட்டிக்கும். அப்புறம் பசங்களுக்கு இவரா வந்து பாடம் நடத்துவாரு?”

எனக்கு எரிச்சலாக வந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் பிளம்பருக்கு என்ன வேலை? ஆனாலும் டீச்சர் பேச்சில் நியாயம் இருந்தது. நம் பக்கம் எந்தப் பெண் தினமும் தலைக்குக் குளிக்கிறாள்? ஷவர் விற்கிறவனுக்கு அந்தக் கவலை ஏது!

“சார், மேலதான் வெக்கணும்னு சட்டமா? எறக்கி வெச்சா தண்ணியும் வேகமா வரும். உங்க டேங்க் ஒயரம் பத்தாது” என்றேன்.

டீச்சர் ஒரு சாக்பீஸ் எடுத்துவந்தார். சுவரோரம் நின்று, தன் கழுத்துக்கு நேராகக் கோடு போட்டார்.

“அப்போ நானு?”

“குனிஞ்சு குளிங்க.”

தணிகாசலம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள் ஆசையோ, பாவம். கடைசியில், “சரி, போடுபா” என்றார்.

பிறகு ஒருமுறை வாஷர் மாற்றப் போனேன். டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தார். “சார், ஷவரைக் கொஞ்சம் ஏத்தி வெச்சிடவா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“வாணாம்பா. இந்த மழைக்காலத்துலயும் அவளுக்குத் தொண்டை கட்டல. நான் தெனம் காலைல பொண்டாட்டிக்கு ஒரு கும்புடு போட்டுக்கினு குளிக்கிறேன். பழகிப்போச்சு!” என்று சிரித்தார்.

தொழிலுக்கு வரும் தம்பிகளே, கடையில் ஆயிரம் மாடல் இருக்கும். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் எந்த மாடல் என்று முதலில் கேட்பதில்லை. “வீட்டு அம்மாவைக் கூப்பிடுங்க, கோடு போடணும்” என்பேன்.